பார்லி என்று எழுதாமல் விட்ட கடிதம்

1

போன வாரம் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. கையெழுத்து ஸ்டெல்லா அக்காவுடையது. அண்ணனூரில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு அவர்களுடையது. மிஷன் பள்ளியில் டீச்சராக இருக்கிறார். அப்பாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போட மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. அவர்கள் சொல்லச் சொல்ல அக்கா எழுதுவார். நான் இங்கிருந்து எழுதுவதை அவரே வாசித்தும் காட்டுவார். சொன்னதைத் திருத்தாமல் அப்படியே எழுதுவது அவர் வழக்கம். அதனால் கடிதத்தைப் பிரித்தாலே அப்பாவின் குரல் கேட்கும்.

"சேகரு, நல்லா கீறியா. நாங்க நல்லா கீறோம். போன தபா நீ வந்தப்ப ஒடம்பு கெட்டுப்போனத நெனச்சு உங்கம்மா இன்னும் சரியா துன்றதில்ல. உனுக்கு நம்ம ஊட்டுத் தண்ணி ஒத்துக்கல. அது உன் தப்பு இல்ல. நாலு வருசமா வேற தண்ணி குடிச்ச ஒடம்பு. அதனால அடுத்த தபா வந்தியானா ஆவடில லாட்ஜு கீது, நல்லா கட்டிக்கீறாங்க, அங்க ரூம் எடுத்துக்க. நானும் அம்மாவும் காலீல வந்து உன்னப் பாத்துகினு சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடுறோம்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை 'லாட்ஜு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். வெளியே நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஜெர்மனியில் கார்த்திகை அப்படி.

தண்ணீர் காரணம் இல்லை. வீடும் காரணம் இல்லை. காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால், இரண்டு வருடமாக அம்மாவிடம் சொல்லாமல் தவிர்த்து வரும் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு விருந்தாளியாகக்கூடப் போக முடியாது.

இந்த இதழில் இதுவரை பனியைப் பற்றியும், நிமிடம் தவறாமல் வரும் ரயிலைப் பற்றியும், குப்பையை நான்கு வகையாகப் பிரித்துப் போடுவதைப் பற்றியும் எழுதினேன். இந்த மாதம் பீரைப் பற்றி எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

2

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், இயந்திரங்களுக்கு அச்சு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வந்த முதல் இரண்டு வருடமும் வயிறு சரியில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே மூன்று வேளையும் ரொட்டி. எடை குறைந்துகொண்டே போயிற்று. பெல்ட்டில் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டேன். ஒருநாள் இயந்திரத்தின் முன்னாலேயே கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஃபோர்மேன் என்னைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

குழாயை விட்டுப் பார்த்தார்கள். குடலில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்தார்கள். அது நடந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம். கோதுமை, பார்லி, ரை என்று இங்கே கறுப்பு ரொட்டி செய்யும் ஒரு தானியம், இந்த மூன்றும் இனி வாழ்நாள் முழுவதும் கூடாது என்றார் டாக்டர். மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அந்த இழுவையைக் கொடுக்கும் புரதத்துக்கு குளூட்டன் என்று பெயர். அது என் குடலை உள்ளிருந்து அரிக்கிறது. மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

"உங்கள் ஆட்கள் யாரும் இதற்காக என்னிடம் வந்ததில்லை" என்றார். "நீங்கள் அரிசி சாப்பிடுகிறவர்கள். அரிசி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அரிசி காப்பாற்றியது வாஸ்தவம். அரிசி இல்லாத நாட்களில் நான் என்ன சாப்பிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாளிடம் அனுப்பினார்கள். வரச் சொன்ன தாளிலேயே 'வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வரவும்' என்று அச்சடித்திருந்தது. அவர் தனக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டுவைத்திருந்தார். நான் ஒன்றில் உட்கார்ந்தேன். அவர் கதவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு பேச ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். என் பை காலடியில்தான் இருந்தது. அதை எடுத்து அந்த இன்னொரு நாற்காலியில் வைத்தேன்.

விசா நீட்டிக்கும் அலுவலகத்திலும் கேட்டார்கள். இது தொற்றுமா? தொற்றாது. வேலை செய்ய முடியுமா? முடியும். அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய ஆள் யார், இந்த நாட்டில்? அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். கோடு செல்லாது, பெயர் வேண்டும் என்று திருப்பித் தந்தார்கள். ஃபோர்மேனின் பெயரை எழுதினேன்.

3

சின்ன வயதில் நான் எப்படி இருப்பேன் என்று எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. மாதத்தில் பத்து நாள் வயிற்றுப்போக்கு. அம்மா என்னை மாங்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தாள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் எல்லோருக்கும் சொல்வதையே எங்களுக்கும் சொன்னார். சோறு வேண்டாம், பிரெட்டும் பார்லிக் கஞ்சியும் கொடுங்கள்.

நம் பக்கத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதுதானே. பன், பிரெட், பார்லி. வெள்ளானூர் பக்கம் வயல் வேலைக்குப் போய்த் திரும்பும்போது அம்மா முந்தானையில் ஒரு பொட்டலம் பார்லி முடிந்துகொண்டு வருவாள். வறுத்து, உடைத்து, குழையக் காய்ச்சி, உப்புப் போட்டு, துணியில் வடிகட்டி, டம்ளரில் ஆற்றி ஆற்றி என் வாயில் வைப்பாள்.

"கடசி சொட்டு வரிக்கும் குடி. அடியிலதான் சத்து கீது."

நான் குடிப்பேன். மறுநாள் இன்னும் மோசமாகும். மறுபடி கஞ்சி. வாரம் பத்து நாள் கழித்து, இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ரசஞ்சோறு பிசைந்து கொடுப்பாள். இரண்டு நாளில் எழுந்து ஓடுவேன். "பார்லி வேலைய காட்டிடுச்சு பாத்தியா" என்பாள். அவள் கணக்குக்கு அதுதான் சரியாக வந்தது.

பரீட்சைக் காலத்தில் இன்னொன்று. எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். மூளைக்கு நல்லது என்று யாரோ சொல்லி, மால்ட் பவுடர் பாட்டில் ஒன்று வாங்கி, சுவரில் இருக்கும் மாடப் பிறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். எனக்கு மட்டும்தான். தங்கச்சிக்குக் கிடையாது. மால்ட் என்றால் முளைகட்டி வறுத்த பார்லி என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். கணக்குப் பரீட்சையன்று பாதியில் எழுந்து ஓடியது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். 'எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாதாம். சப்பாத்தி, பூரி, பிரெட் கூடாது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.' அடுத்தது 'பார்லி' என்று எழுத வேண்டும். பேனாவை வைத்துவிட்டேன். ரை என்ற தானியத்தை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அதை எழுதியிருக்கலாம். பார்லி என்று எழுதினால், ஸ்டெல்லா அக்கா அதை வாசிக்கும்போது அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பதினைந்து வருடம் ஆற்றி ஆற்றிக் கொடுத்த டம்ளர்.

கடிதத்தை மடித்து ஒட்டிவிட்டேன்.

4

இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய பீர் பாட்டில் இருக்கும். எல்லோரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்று பேசுவார்கள். வாரம் முழுவதும் 'காலை வணக்கம்' தவிர வேறு பேசாத ஆள்கூட அந்தக் கால் மணி நேரத்தில் தன் வீட்டுக் கதை சொல்வான். நான் தண்ணீர் டம்ளரோடு நிற்பேன்.

"மதமா?" என்று ஒருவன் கேட்டான்.

இல்லை, குடல் என்று விளக்க அப்போது என் ஜெர்மன் போதாது. ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு மரியாதையாகக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

எப்படியாவது எனக்கு ஆகும் ஒரு பீரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று சனிக்கிழமைகளில் அகராதியைத் தூக்கிக்கொண்டு பானக்கடைக்குப் போவேன். முதலில், 'கோதுமை பீர்' என்று தனியாக ஒரு வகை இருப்பதைப் பார்த்து, அப்படியானால் மற்றதெல்லாம் நமக்கு ஆகும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் பார்லி. வெளுப்பானாலும் கறுப்பானாலும் பார்லி. பார்லி மால்ட், ஹாப் என்னும் கசப்புப் பூ, தண்ணீர், இவ்வளவுதான் பீர் என்பது இவர்களுடைய பழைய சட்டமாம்.

ஆல்கஹால் இல்லாத பீர் ஒன்று இருந்தது. அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக் குடித்தேன். மூன்று நாள் படுக்கை. ஆல்கஹாலைத்தான் எடுக்கிறார்கள், பார்லியை எடுப்பதில்லை. அரிசி பீர் என்று கிழக்கு நாட்டுச் சரக்கு ஒன்று கண்ணில் பட்டது. பாட்டிலில் நெற்கதிர் படம்கூடப் போட்டிருந்தது. பின்னால் திருப்பினால் அரிசிக்கு முன்னாலேயே பார்லி மால்ட். குழந்தைகளுக்கான மால்ட் பானம்கூட அங்கே உண்டு. அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டு மாடப் பிறை நினைவு வந்தது. எடுத்த வேகத்தில் வைத்துவிட்டேன்.

என் மாதிரி வயிறு உள்ளவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் நான் கற்றதை எழுதிவைக்கிறேன். முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். அதிலும் உங்களுக்கு ஆகிற தானியத்தின் பெயரைப் பார்த்த இடத்தில் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். வரி முடியும்வரை படியுங்கள். மால்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது பார்லி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் தயாரிப்பவர்களிடம் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஆப்பிளில் செய்கிற மது இங்கே கிடைக்கிறது, அது எனக்கு ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் எனக்கு ஆப்பிள் மது போதாது. பீர்தான் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் அப்பா.

5

அப்பா அண்ணனூர் கார் ஷெட்டில் கலாசி. மின்சார ரயில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கிற வேலை. அப்போதெல்லாம் சாராயம் குடிப்பார். சண்டை போடுகிற குடிகாரர் இல்லை. குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தூங்கிவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. சேரும் தாளில் தகப்பனார் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மகிழ்ச்சியில் அப்பா காலையிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். கிளார்க் மூக்கைச் சுருக்கினார். என் தாளை எடுத்துக் கட்டின் அடியில் வைத்துவிட்டு, "அடுத்த ஆள்" என்றார். சாயங்காலம் வரை அந்த வராந்தாவில் நின்றோம். எல்லோரும் போன பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அம்பத்தூர் தாண்டியதும் சொன்னார்.

"இனிமே தொட மாட்டேன்டா. நீ படிச்சு, நல்ல வேலைல நின்னப்புறம், உன் கையால ஒரு பீரு ஊத்திக் குடு. அது மட்டும் போதும்."

"சாராயம் குடிக்கிறவரு பீரு கேக்குறீங்க?"

"ஆபீசருங்க அதான குடிக்கிறாங்க."

அன்றிலிருந்து தொடவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்கு வேலை கிடைத்தபோது கேட்டேன். "இது டெம்ப்ரவரிதான? இருக்கட்டும்" என்றார். கம்பெனியில் என்னை ஜெர்மனிக்கு அனுப்பியபோது ஏர்போர்ட்டில் கேட்டேன். "ட்ரெய்னிங்னுதான சொல்ற. நெரந்தரம் ஆவட்டும், போய்ட்டு வா" என்றார். நான்கு வருடம் கழித்து, நிரந்தரமாகி, முதல் தடவையாகப் போன சித்திரையில்தான் ஊருக்குப் போனேன்.

6

போன மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அப்பா செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பாட்டிலோடு ஸ்டெல்லா அக்கா வீட்டிலிருந்து வந்தார். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் காலையிலேயே அங்கே வைத்திருக்கிறார். பின்னாலேயே ஸ்டெல்லா அக்காவும் சிரித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, சர்ச்சுல இருந்து வந்து ஃபிரிட்ஜைத் தொறக்குறேன், தயிர்ச் சட்டிக்கு ரெண்டு பக்கமும் காவக்காரன் மாதிரி ரெண்டு பாட்டில் நிக்குது. எங்க ஊட்டுக்காரரு என்னச் சந்தேகமா பாக்குறாரு."

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா அப்டி பாக்குற? பயப்படாத. உன் லெட்டரு ஞாபகம் கீது. ஒயின்ஷாப்புல மூணு தபா கேட்டேன். இதுல கோதுமை கீதா, கோதுமை கீதான்னு. கடக்காரன் சிரிக்கிறான். 'இன்னா பெர்சு, பீர்ல எதுக்குக் கோதுமை, பூரி சுடவா'ன்றான்."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். குடி என்றாலே ஆகாதவள். அன்று அவள் முகத்தில் கோபம் இல்லை.

"எனக்கும் பயந்தான்டா. அதான் ஸ்டெல்லாவ லேபிளைப் படிக்கச் சொன்னேன். பார்லியாமே? பார்லி நல்லதாச்சே. நான் உனுக்கு எவ்ளோ ஊத்தியிருப்பேன். அதே பார்லிதானேன்னு மனசு ஆறிப்போச்சு."

ஸ்டெல்லா அக்கா தலையாட்டினார். "ஆமா தம்பி, பார்லின்னுதான் போட்டிருக்கு."

பின்பக்கத்துச் சின்ன எழுத்தை எனக்கு முன்பே படித்திருக்கிறார்கள். வரி முடியும்வரை படித்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. வரி முடியும்வரை எழுதாமல் விட்டவன் நான்.

பாட்டிலைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் அப்பாவுக்கு ஊற்றினேன். நுரை வழிந்து என் விரலெல்லாம் ஆயிற்று. பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்த மனிதர், வாயில் வைக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு டம்ளரில் ஊற்றினார்.

"எனக்கு வேணாம்பா. நீங்க குடிங்க."

"ஏன்?"

"சும்மாதான். பழக்கமில்ல."

"பழக்கம் வேணாம். ஒரு டம்ளரு." குரலைத் தாழ்த்தினார். "நான் மட்டும் குடிச்சா பழய குடிகாரன்டா. அந்தக் கிளார்க்கு பாத்தானே, அதே ஆளு. நீயும் கூட குடிச்சாத்தான் அது விசேசம்."

அம்மா டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "குடிடா. பார்லிதான."

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அம்மா எதிரே நின்றாள். அவள் கை அந்த டம்ளரில் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அப்பா அப்புறம்தான் தன்னுடையதை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"இதுக்காடா ஆபீசருங்க அடிச்சிக்கிறாங்க?"

எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்துப் பார்த்து எனக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்காக அந்த ஒரு டம்ளரை மறுபடியும் குடிப்பேனா என்று இங்கே தனியாக இருக்கும்போது என்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

மறுநாள் விடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. அம்மா பதறிப்போனாள். பிறகு அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். வறுத்தாள், உடைத்தாள், காய்ச்சினாள், ஆற்றினாள்.

"அடியிலதான் சத்து கீது."

முதல் டம்ளரை அவள் எதிரிலேயே குடித்தேன். அடுத்தடுத்து வந்ததை, அவள் அடிபம்புக்குப் போன நேரம் பார்த்து முருங்கை மரத்தடியில் கொட்டினேன். திருடன் மாதிரி. லீவு முடியும்வரை எழுந்து நடமாட முடியவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். குடத்தை மாற்றினாள். அக்கா வீட்டிலிருந்து தண்ணீர் வாங்கினாள். எதுவும் சரிவரவில்லை. விமானம் ஏறும் நாளன்று அம்மா என்னைத் தொடாமல் தள்ளி நின்றாள். தான் தொட்டது எதுவும் என் உடம்புக்கு ஆகவில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள்.

இரண்டாவது பாட்டிலை அப்பா திறக்கவில்லை. நான் அடுத்த முறை வரும்போது என்று ஸ்டெல்லா அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டார்.

7

என்னோடு வேலை செய்பவர்களில் கோஃபி என்று ஒருவர் இருக்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்ற நாட்டுக்காரர். அவரிடம் மட்டும் குடல் கதையை முழுவதும் சொன்னேன். இரண்டு பேருக்கும் அரைகுறை ஜெர்மன் என்பதால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்தது. போன மாதம் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

அவர் மனைவி சோளத்தில் பீர் செய்வார். நம் வெள்ளைச் சோளம் மாதிரியே ஒன்று. முளைகட்டி, காயவைத்து, அரைத்து, காய்ச்சி, புளிக்கவைப்பது. நான் அந்த அம்மாளைக் கேள்வி கேட்டே கொன்றேன். வேறு தானியம் கலந்தீர்களா? மாவு அரைத்த இயந்திரத்தில் கோதுமை அரைப்பதுண்டா? பானை எது? கரண்டி எது? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். புதிதாக ஒரு பானையே வாங்கி வைத்திருந்தார். எனக்காக என்று.

கலங்கலாக, புளிப்பாக இருந்தது. இரண்டாவது வாயில் தெரிந்துவிட்டது. ஆடி மாதத்துக் கூழின் புளிப்பு. கோஃபியின் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது, ஜெர்மன் மட்டும்தான் பேசுவாள். வாசனை பிடிக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, அதைத் தூரமாக வை" என்றாள். கோஃபி சிரித்தார். டம்ளரைத் தூரமாகத்தான் வைத்தார்.

மறுநாள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத காலையில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விஷயம் தெரிந்திருந்தால் அம்மாவும் தன் மகனுக்காக ஒரு புதுப்பானை வாங்கியிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோஃபியின் மனைவிக்கு நான் மகன் இல்லை. அவரிடம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பாவின் கடிதத்துக்கு நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். கிழிக்காமல் அனுப்பினாலும் ஒரு பயம் உண்டு. ஸ்டெல்லா அக்கா நல்லவர். அம்மா அழுவாள் என்று தெரிந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் படித்துவிடுவார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததாக முன்பு எழுதியதை அப்படித்தான் தாண்டினார். போன சித்திரையில் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் அக்கா வீட்டுக்கு மாதாமாதம் போகும் இந்த இதழ் என்றால் வேறு மாதிரி. "அச்சுல இருக்கிறத மாத்திப் படிக்க எனக்கு மனசு வராது தம்பி, டீச்சர் புத்தி" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதனால்தான் இதைக் கடிதமாக எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

அக்கா, இதுவரை வாசித்துவிட்டீர்கள் என்றால், அம்மா இப்போது அழுதுகொண்டிருப்பாள். நிறுத்த வேண்டாம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

அம்மா, எனக்கு ஆகாதது பார்லி. தண்ணி இல்லை, குடம் இல்லை, நீ தொட்டது எதுவும் இல்லை. அந்தக் கஞ்சி எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரிய வழியே இல்லை. படித்த டாக்டருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் பத்தாவது நாள், யார் சொல்லையும் கேட்காமல் நீயாக ஒரு ரசஞ்சோறு பிசைந்து கொடுப்பாயே, அதில்தான் நான் ஒவ்வொரு தடவையும் பிழைத்தேன். ஜெர்மனி டாக்டர் குழாய் விட்டுக் கண்டுபிடித்த வைத்தியமும் அதேதான். எனக்கு வேறு மருந்து கிடையாதாம்.

அப்பா, அந்த இரண்டாவது பாட்டில் இன்னும் இருந்தால் நான் வந்து ஊற்றித் தருகிறேன். நீங்கள் குடியுங்கள். நான் குடிக்க மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் குடிக்காவிட்டால் நீங்கள் பழைய ஆள் ஆகிவிட மாட்டீர்கள். அந்தக் கிளார்க் இப்போது நம் எதிரே இல்லை.

சித்திரைக்கு வருகிறேன். லாட்ஜு வேணாம். எனுக்கு நம்ம ஊட்டுலயே பாய் போடுங்க.